மின்நிலையத்துப் பேட்டரியும் பதிவேடும்

கூடூரிலிருந்து இரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், வேங்கடகிரியையும் ஸ்ரீகாளஹஸ்தியையும் கடந்தபின், ஏர்பேடு என்னும் சிறு நிலையம் வருகின்றது. கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் தில்லியிலும் வாழும் நம்மவரிற் பலர், கூடூர் வழியாகத் திருப்பதிக்கு வரும் வண்டிகளில் அமர்ந்து இந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சன்னல் வழியே படித்திருப்பர். படித்துவிட்டு, "இன்னும் சிறிது நேரத்தில் இறங்க வேண்டும், பெட்டிகளை எடுத்து வையுங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லியிருப்பர். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கிய ஊர் இது. திருப்பதிக்கென 2015-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தன் நிலையான வளாகத்தை இங்கேதான் அமைத்துக்கொண்டது. அந்த வளாகத்தில் எமது பெரியப்பாவின் பேரன் பணியில் இருக்கின்றான். அவனுடன் அவன் தந்தையார், அதாவது எமக்கு அண்ணன் முறையாகும் பெரியவர், ஓய்வுபெற்ற காலத்தைக் கழித்து வருகின்றார்.

அண்ணன் வெளி மாநிலம் ஒன்றின் மின்வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் துணை மின்நிலையங்களிலேயே பணியாற்றியவர். நாமோ கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பிழைப்பவர். மின்சாரம் என்றால் பொத்தானை அழுத்துவது, மாதம் முடிந்தால் கட்டணம் செலுத்துவது என்ற அளவே எமது கல்வி. அத்தகைய நாம் இன்று மின்நிலையத்துப் பேட்டரியைப் பற்றி உரையாற்ற வந்ததற்கு ஒரு சொல்லே காரணம். பாதுகாப்பு விதிகள் சிலவற்றைத் தமிழாக்கும்போது, விதிக்கு இணங்கி நடப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தக்க தமிழ் தேடி வருந்தினோம். 'இணக்கம்' என்று எழுதினால் திருமணப் பேச்சுப்போல் இருந்தது. 'கீழ்ப்படிதல்' என்றால் பள்ளிக்கூடத்து மணம் வீசியது. ஏர்பேட்டில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பி, அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விதியை நிறைவேற்றுவது ஒன்று. நிறைவேற்றியதாக எழுதி வைப்பது மற்றொன்று. உமக்கு எது வேண்டும்?" என்றார். அவர் அதற்குச் சான்றாகச் சொன்ன கதையே இந்த உரையின் வித்து.

கதைக்கு முன் அடிப்படை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் துணை மின்நிலையம் என்றால் முள்வேலிக்குள் நிற்கும் மின்மாற்றிகளும், இரும்புச் சட்டங்களும், பீங்கான் தட்டுகளுமே கண்ணில் படும். உள்ளே கட்டடத்தின் ஒரு மூலையில், அமிலக் கறை படிந்த தரையுடன், பேட்டரி அறை என்று ஓர் அறை உண்டு. கண்ணாடிக் குடுவைகள் போலவோ கறுத்த பெட்டிகள் போலவோ தோன்றும் மின்கலங்கள் மரத்தாங்கியிலோ இரும்புத்தாங்கியிலோ வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ட் தருவது. 110 வோல்ட் வேண்டிய நிலையத்தில் 55 கலங்கள். 220 வோல்ட் வேண்டியதில் 110 கலங்கள். எல்லாவற்றையும் கையோடு கை கோத்தாற்போல் தொடராகப் பிணைத்திருப்பர். காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு அறிஞர் 1859-இல் கண்டுபிடித்த ஈய அமிலக் கலத்தின் வழித்தோன்றல்களே இவற்றிற் பெரும்பாலானவை.

இலட்சக்கணக்கான வோல்ட் பாயும் இடத்தில் இந்த 110 வோல்ட் எதற்கு என்று கேட்கலாம். மின்பாதையில் மரம் விழுகின்றது, கம்பி அறுந்து தரையைத் தொடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். உடனே வழக்கத்தினும் பன்மடங்கு மின்னோட்டம் பாயும். அதனை ரிலே என்னும் காவற்கருவி உணர்ந்து, பிரேக்கர் என்னும் பெருஞ்சாவியைத் திறக்க ஆணையிடும். பிரேக்கரின் உள்ளே ஒரு சிறு கம்பிச்சுருள் உண்டு. அதன் வழியே மின்சாரம் பாய்ந்தாற்றான் பிரேக்கர் திறக்கும். அந்த மின்சாரத்தை மின்பாதையிலிருந்தே எடுத்துக்கொண்டால் என்ன? எடுக்க இயலாது; ஏனெனில் பழுது நேர்ந்த அந்தக் கணத்திலேதான் பாதையின் அழுத்தம் சரிந்துவிடுகின்றது. வீடு தீப்பற்றி எரியும்போது அந்த வீட்டுக் கிணற்றில் மட்டும் நீர் வற்றிப்போவது போன்ற நிலை அது. ஆகவேதான் வெளி உலகத்தைச் சாராத ஒரு சேமிப்பு, பேட்டரியாக அந்த அறையில் காத்திருக்கின்றது. அது கைவிட்டால், ரிலே கண்டும் பயனில்லை, பிரேக்கர் இருந்தும் பயனில்லை.

இனி அண்ணன் சொன்ன கதை. நிலையத்தின் பெயரும் மாநிலத்தின் பெயரும் வேண்டா. வயல்களுக்கு நடுவே நின்ற ஒரு சிறிய துணை மின்நிலையம். 55 கலங்கள், நீர் ஊற்ற வேண்டாத, மூடப்பட்ட வகை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டையும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதியிருந்தார்கள், ஒரு மாதமும் தவறவில்லை. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒவ்வொரு முறையும் பக்கத்தின் அடியில் கையொப்பம் இட்டிருந்தார். ஒரு மழை இரவில் வயலில் கம்பி அறுந்து விழுந்தது. ரிலே உணர்ந்தது, பிரேக்கர் திறக்கவில்லை. அறுந்த கம்பி மின்சாரத்தோடு சேற்றில் கிடந்தது. தொலைவிலிருந்த பெரிய நிலையத்துப் பிரேக்கர் சற்றுப் பிந்தித் திறந்து, சுற்று வட்டாரம் முழுவதையும் இருளில் ஆழ்த்திய பிறகே அந்தக் கம்பி உயிரிழந்தது. அதற்குள் வயலோரம் கட்டியிருந்த எருமை ஒன்று மாண்டது. கயிற்றை அவிழ்க்க ஓடிவந்த சிறுவன் வரப்பு வழுக்கி விழுந்ததால் பத்தடி பின்தங்கினான். அந்தப் பத்தடிதான் அவனைக் காத்தது என்று அண்ணன் சொல்லும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் குரல் மாறியது.

மறுநாள் விசாரணை. மீட்டரில் 123 வோல்ட் திடமாக நின்றது. பதிவேட்டில் 55 கட்டங்களிலும் 2.23, 2.23, 2.23. முந்தைய மாதம் 2.23. அதற்கு முந்தைய மாதமும் அவ்வாறே. சார்ஜரை நிறுத்திவிட்டு ஒரு சிறு பளுவைப் பேட்டரியின் மீது ஏற்றினார்கள். 123 என்று நின்றிருந்த முள் கல் விழுந்தாற்போல் விழுந்தது. முப்பத்தேழாம் கலத்தின் உள்ளிணைப்பு அரித்துப் போய், மயிரிழை அளவே ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் எமக்கு முதலில் விளங்காதது ஒன்று உண்டு. எழுதியவர் பொய்யே எழுதினார் என்று வைத்துக்கொண்டாலும், மீட்டர் பொய் சொல்லாதே! செத்த கலம் ஒன்று நடுவில் இருக்க, 123 வோல்ட் எவ்வாறு காட்டிற்று? அண்ணன் பொறுமையாக விளக்கினார். பேட்டரி ஒருபோதும் தனியே நிற்பதில்லை. அதனோடு சார்ஜர் என்ற மின்னூட்டக் கருவி எப்போதும் இணைந்திருக்கும். நிலையத்தின் அன்றாடத் தேவை, விளக்கு, ரிலே யாவற்றுக்கும் சார்ஜரே மின்சாரம் தரும். பேட்டரிக்கு, அது தானே கசியவிடும் அளவை ஈடுசெய்யும் பொருட்டு, நூலிழைபோல் சிறு மின்னோட்டம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இதனை அத்துறையினர் 'ஃப்ளோட்' என்பர். ('மிதவை மின்னூட்டம்' என்று நாம் தமிழாக்கி அண்ணனிடம் காட்டினோம். "நன்றாயிருக்கிறது, ஆனால் எந்த லைன்மேனும் இதைச் சொல்லமாட்டான்" என்று தள்ளிவிட்டார்.) தூர்ந்துபோன வாய்க்காலிலும் நூலளவு நீர் ஓடத்தான் செய்யும், மடையைத் திறந்துவிட்டால்தானே அடைப்புத் தெரியும்? அரித்துப்போன இணைப்பும் அத்தகையதே. சில மில்லியாம்பியர் ஓட்டத்துக்கு அது வழிவிடும். பிரேக்கர் கேட்கும் பெரிய ஓட்டத்துக்கு வழிவிடாது. ஆகவே அந்த 123 வோல்ட் பேட்டரியின் வாக்குமூலம் அன்று, சார்ஜரின் வாக்குமூலம். அளந்தவர் உண்மையாகவே அளந்திருந்தாலும், அவர் எழுதியிருக்கக்கூடியது ஏறத்தாழ அந்த 2.23 என்ற எண்ணாகவே இருந்திருக்கும். இதுதான் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. சோம்பேறியின் பதிவேடும் நேர்மையாளனின் பதிவேடும் ஒன்றுபோலவே தோன்றும்படி அமைந்த விதி என்ன விதி?

சார்ஜரை நம்பிப் பேட்டரியை மறந்தால் எவ்வளவு பெரிய கேடு நேரலாம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் காலைடு என்னுமிடத்தில் பெரிய அனல் மின்நிலையம் இருக்கின்றது. 2021 மே 25-ஆம் நாள் அதன் 'சி4' என்னும் அலகிற்குப் புதிய சார்ஜரை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையின் ஒரு படியில், அந்த அலகின் நேர்மின்சாரத் தேவை முழுவதையும் புதிய சார்ஜர் மட்டுமே தாங்க வேண்டியதாயிற்று; அந்தச் சிறு பொழுதில் பேட்டரி இணைப்பில் இல்லை. சார்ஜரால் தாங்க இயலவில்லை. அழுத்தம் சரிந்தது. அதனைத் தொடர்ந்து அலகின் மாறுமின்சாரமும் போயிற்று. காவற்கருவிகள் யாவும் ஒருங்கே குருடாயின. நீராவி நின்றுவிட்டது, ஆயினும் பிரேக்கர் திறக்கவில்லை. ஆதலின் மின்சாரம் ஆக்க வேண்டிய எந்திரம், வெளியிலிருந்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டு, மோட்டார் போலத் தானே சுழலத் தொடங்கியது. உராய்வைத் தணிக்கும் எண்ணெய் இல்லை. எண்ணெய்ப் பம்புகளை ஓட்ட மின்சாரம் இல்லை. ஏறத்தாழ 34 நிமிடங்கள் அவ்வாறு சுழன்று, முடிவில் அந்தப் பேரெந்திரம் துண்டு துண்டாகச் சிதறியது. உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால் குவீன்ஸ்லாந்தில் சுமார் 4,70,000 வாடிக்கையாளர் மின்சாரம் இழந்தனர். 34 நிமிடங்கள் என்பது, ஏர்பேட்டில் வண்டி ஏறியவர் இரேணிகுண்டாவில் இறங்கிக் காப்பி குடிக்கப் போதுமான காலம். அத்தனை நேரமும் பொறியாளர்கள் அங்கே இருந்தும், எந்திரத்தை நிறுத்தும் வழி அவர்கள் கையில் இல்லை.

பேட்டரி ஏன் சாகின்றது என்பதையும் சிறிது பார்ப்போம். அதற்கு முதற்பகை வெப்பம். நம் நாட்டில் பேட்டரியின் கொள்ளளவை 27 பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். ஏறத்தாழப் பத்துப் பாகை மிகுந்தால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசி மாதங்களில் திருப்பதி வட்டாரத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது உண்டு. ஓட்டையான மின்விசிறியும் மேற்குப் பார்த்த சன்னலும் உடைய பேட்டரி அறை அப்போது எவ்வாறிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இருபது ஆண்டுகள் என்று எண்ணி வாங்கியது பத்தாண்டுகளில் படுத்துவிடும். வாங்கிய ஆவணத்தில் மட்டும் இருபது என்றே நிற்கும்.

அடுத்தது நீர். திறந்த வகைக் கலங்களில் வாலை வடிநீர் குறைந்துகொண்டே வரும். ஊற்றாவிட்டால் தகடுகள் காய்ந்து கெடும். இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததே மூடிய வகை. ஏர்பேட்டிலிருந்து திருப்பதி நோக்கிச் சென்றால் வழியில் உள்ள கரகம்பாடியில், 1985-இல் தோன்றிய அமர ராஜா நிறுவனத்தின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தொலைபேசிக் கோபுரங்களுக்கும், இரயில்வேக்கும், மின்நிலையங்களுக்கும் இத்தகைய மூடிய பேட்டரிகள் அங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. தில்லியிலோ நாகபுரியிலோ நம் நேயர் ஒருவர் தம் தெருவிளக்கு எரிவதைக் காணும்போது, அதன் பின்னே திருமலையின் அடிவாரத்து ஈயம் ஒன்று காவல் இருத்தல் கூடும்.

மூடிய வகைக்கு நீர் ஊற்ற வேண்டா என்பது உண்மை. ஆனால் மக்கள் அதனைப் பார்க்கவே வேண்டா என்று பொருள் கொண்டுவிட்டனர். திறந்த கலத்தில் கண்ணாடி வழியே நீர்மட்டம் தெரியும், தகட்டின் நிறம் தெரியும், அடியில் படியும் வண்டல் தெரியும். ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைக் காணலாம். 1.200 என்று நிற்க வேண்டியது 1.170 என்று வந்தால், முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தொழிலாளி மூக்கைச் சுளிப்பார். மூடிய கலத்திலோ கறுப்புப் பெட்டி ஒன்றுதான் நிற்கும். உள்ளே உலர்ந்து வருவதை வெளியே காட்டாது. பழைய கலம் நோய் கொண்டு நாள்பட்டுச் சாகும். புதிய கலம் முதல்நாள் சிரித்துப் பேசிவிட்டு மறுநாள் மறையும் என்பது அண்ணனின் உவமை.

அப்படியாயின், பேட்டரியின் உண்மை நிலையை அறிய வழி என்ன? மிகப் பழையதும் மிக நம்பகமானதும் ஒன்றே. சார்ஜரை விலக்கிவிட்டு, பேட்டரியைப் பளுவின்மீது நிறுத்திப் பார்ப்பது. 200 ஆம்பியர் மணி என்று பெயர் பெற்ற பேட்டரி, பத்து மணி நேரம் 20 ஆம்பியர் தர வேண்டும்; முடியும்போது திறந்த வகையில் எந்தக் கலமும் 1.85 வோல்ட்டுக்குக் கீழே போயிருத்தல் ஆகாது. பெயரளவு கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் கீழே இறங்கிய பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பது அனைத்துலகப் பொறியாளர் வழக்கம். ஆனால் இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். மாற்றுப் பேட்டரி வேண்டும். மூன்று ஆட்கள் வேண்டும். உயர் அழுத்த நிலையங்களில் இரண்டு தொகுதிப் பேட்டரிகள் வைக்கும் நடைமுறை உண்டு; ஒன்றைச் சோதிக்கும்போது மற்றொன்று காவல் காக்கும். வயல்நடுவில் நிற்கும் சிறு நிலையத்தில் இருப்பது ஒன்றே. அதை விலக்கினால் காவலே இல்லை. சோதனைதானே கேடாகிவிடுமோ என்று அஞ்சி, அதனை ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பர்.

மற்றொரு வழி, ஒவ்வொரு கலத்தின் உட்தடையையும் அளப்பது. நாடி பிடித்துப் பார்ப்பதைப் போன்றது இது. ஒரு கருவி சிறு மின்துடிப்பைச் செலுத்தி, கலம் எவ்வளவு எதிர்க்கின்றது என்று சொல்லும். புதிதாய் இருந்தபோது அளந்த எண்ணோடு ஒப்பிட்டால், தேய்மானம் புலப்படும். கவனிக்க வேண்டியது என்னவெனில், இந்த எண் 2.23 போல் எல்லாக் கலத்துக்கும் ஒன்றாக வராது. ஐம்பத்தைந்து கலங்களுக்கும் ஐம்பத்தைந்து வெவ்வேறு எண்கள் வரும். ஒரே எண்ணை வரிசையாக எழுதினால் அது பொய் என்று சிறுபிள்ளையும் கண்டுகொள்வான்.

இங்கேதான் விதிகளின் வரலாறு வந்து சேர்கின்றது. அமெரிக்காவில் 2003 ஆகஸ்டு 14-ஆம் நாள், ஒகையோ மாநிலத்தில் மின்கம்பிகள் மரங்களைத் தொட்டதிலிருந்து தொடங்கிய பழுது பரவி, கனடாவையும் சேர்த்துச் சுமார் ஐந்து கோடி மக்களை இருளில் தள்ளியது. அந்நாள் வரை அங்கே மின்வலையின் நம்பகம் பற்றிய விதிகள் விருப்பத்தின்பாற்பட்டவையே. 2005-இல் சட்டம் வந்தது, 2007 ஜூனிலிருந்து விதிகள் கட்டாயமாயின, மீறினால் தண்டம். காவற்கருவிகளைப் பேணுவதற்கென அமைந்த விதியில் நிலையத்துப் பேட்டரிக்கென்றே தனி அட்டவணைகள் உண்டு. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மொத்த அழுத்தத்தையும், திறந்த வகையாயின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை கலங்களுக்கிடையேயுள்ள இணைப்புகளின் தடையையும் தாங்கியின் நிலையையும் பார்க்க வேண்டும். மூடிய வகைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்தடை அளவு, அல்லது மூன்றாண்டுக்கு ஒருமுறை பளுச்சோதனை. திறந்த வகைக்கோ பளுச்சோதனை ஆறாண்டுக்கு ஒருமுறை போதும். மூடிய வகையை மேலும் விரைவாகப் பார்க்கச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கறுப்புப் பெட்டியின் இயல்பை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. ஒவ்வொரு கலத்திலும் நிலையான கருவி பொருத்தி, அழுத்தம், உட்தடை, இணைப்பு முதலியவற்றை இடைவிடாது கண்காணித்து, பழுது கண்டால் தானே அறிவிக்கும்படி செய்திருந்தால், ஆள் சென்று அளக்க வேண்டிய பல வேலைகளிலிருந்து நிறுவனத்துக்கு விடுதலை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த அறிவிப்பு, பழுதைக் கண்ட 24 மணி நேரத்துக்குள், அதனைத் திருத்த ஏற்பாடு செய்யக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நிபந்தனையை எழுதியவரை நாம் வணங்குகின்றோம். 2003-ஆம் ஆண்டுப் பேரிருளின்போது, ஒகையோவின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தரும் கணினி நிரல் சத்தமின்றிச் செயலிழந்திருந்தது. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை; ஆதலால் எல்லாம் நலம் என்று அங்கிருந்தவர்கள் அமைதியாயிருந்தார்கள். மணி அடிக்காததற்குக் காரணம் ஆபத்தின்மையா, மணியின் பழுதா என்பதை அறிய வழியில்லாத காவல், காவலாகாது. கருவி பொருத்தினாலும் தாங்கியைக் கண்ணால் பார்க்கும் வேலைக்கு அந்த விதி விலக்குத் தரவில்லை என்பதும் எமக்கு மகிழ்ச்சியே.

நம் நாட்டிற்கு வருவோம். 2012 ஜூலை 30-இலும் 31-இலும் வடநாட்டில் நேர்ந்த இருளை நேயர்களிற் பலர் தாமே அனுபவித்திருப்பர். தில்லியில் மெட்ரோ வண்டிகள் நின்றன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின்வலைகளும் விழுந்தன. தென்னாட்டு மின்வலை அப்போது அவற்றோடு ஒத்தியங்கும்படி பிணைக்கப்படாததால் தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் இராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே பிணைந்தது. அன்றுமுதல் தில்லியின் பழுதும் திருப்பதியின் பழுதும் ஒரே குடும்பத்துச் செய்திகளாயின. 2012-இன் விசாரணைக் குழு சொன்னவற்றுள் ஒன்று, மின்நிலையங்களின் காவல் அமைப்பை வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும் என்பது. 2023 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த இந்திய மின்வலை விதித்தொகுப்பு இதனைக் கட்டாயமாக்கியது. ஆண்டுதோறும் நிறுவனமே தன் காவல் அமைப்பைத் தணிக்கை செய்ய வேண்டும். 220 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும்.

நல்ல விதி. ஆனால் எமது மனம் அந்த எருமை மாண்ட வயலுக்கே திரும்புகின்றது. அங்கே இருந்தது 33 கிலோவோல்ட் நிலையம். வெளியார் தணிக்கையின் எல்லை 220-இல் நின்றுவிடுகின்றது. மின்வலை முழுவதும் விழாமல் காப்பது பெரிய நிலையங்களின் பேட்டரி. அறுந்த கம்பியின் அருகில் நிற்கும் மனிதனைக் காப்பது சிறிய நிலையத்தின் பேட்டரி. பின்னதற்குப் பதிவேடு ஒன்றே துணை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் பாட்டிமார் அறிவர். 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் பெருமழை பெய்து, சுவர்ணமுகியில் வெள்ளம் புரண்டது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய இரவுகளில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுவிடும், சார்ஜர் ஊமையாகும், கம்பிகள் அறுவதும் அந்த இரவுகளில்தான். பேட்டரி தானாக நின்று பேச வேண்டிய நேரம் அது.

எல்லாச் சிறு நிலையங்களிலும் கலத்துக்கு ஒரு கருவி பொருத்திவிட்டால் என்ன என்று அண்ணனைக் கேட்டோம். அவர் உடனே ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. "கருவி நல்லதுதான். அது 2.23 என்று எழுதிவிட்டுத் தூங்காது. ஆனால் அதன் செய்தி எங்கே போகிறது? மாவட்டத் தலைநகரில் ஒரு கணினியில் போய்ச் சிவப்பு விளக்காக எரியும். அங்கே நாற்பது சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால், நாற்பத்தோராவதை யார் பார்ப்பார்? முதலில் பார்ப்பவனுக்கு ஒரு மாற்றுக் கலம் வாங்கும் அதிகாரம் கொடு; பிறகு கருவி கொடு" என்றார். கலம் கெட்டது என்று உண்மையை எழுதியவனுக்கு, ஏன் கெட்டது என்று விளக்கம் கேட்டு ஓலை வரும், 2.23 என்று எழுதியவனுக்கு ஒரு கேள்வியும் வராது. பின்னவனை உண்டாக்கியது அந்த ஓலைதான் என்பது அவர் கட்சி. அலுவலக வாழ்வில் இருபது ஆண்டுகள் கழித்த நாம் இதனை மறுக்கத் துணியவில்லை. ஆயினும், கருவி வேண்டும் என்பதே எமது கருத்து. மாதம் ஒருமுறை பார்க்கும் கண்ணுக்கு இரண்டு பார்வைகளுக்கு இடையே நிகழ்வது தெரியாது; மூடிய கலமோ அந்த இடைவெளியிலேதான் சாகின்றது.

விபத்துக்குப் பிறகு அந்த நிலையத்துக்கு அண்ணனையே பொறுப்பாக அனுப்பினார்கள். உட்தடை அளக்கும் கைக்கருவி ஒன்றை இரவலாக வாங்கிவந்து, ஐம்பத்தைந்து கலங்களையும் தாமே அளந்தார். முப்பத்தேழைத் தவிர, பன்னிரண்டும் நாற்பத்தொன்றும் தளர்ந்திருந்தன. மூன்றையும் மாற்றும்படி எழுதினார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது; விளக்கம் எழுதினார். மறுபடியும் வந்தது, மறுபடியும் எழுதினார். நான்காம் மாதம் மூன்று கலங்கள் வந்து சேர்ந்தன.

ஓய்வு பெறும் நாளில் அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை ஒளிநகல் எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றார். ஏர்பேட்டு வீட்டில் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்து எமக்குக் காட்டினார். ஐம்பத்தைந்து கட்டங்கள், ஐம்பத்தைந்து வெவ்வேறு எண்கள், சில அடித்துத் திருத்தப்பட்டவை. பன்னிரண்டாம் கட்டத்தின் அருகே சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தின் அடியில், மேலதிகாரியின் கையொப்பத்துக்கு மேலே, அவர் எழுத்திலேயே ஒரு கேள்வி: "எண்கள் ஏன் ஒன்றுபோல் இல்லை?"